வட்டு வளர்ந்தது, செய்தி வரவில்லை: லினக்ஸ் கெர்னலில் எங்கே திருத்துவது?

இரண்டு டெர்மினல்களை அடுத்தடுத்துத் திறந்து வைத்திருந்தேன். ஒன்றில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மற்றொன்றில், சாதனங்களில் நடக்கும் மாற்றங்களைப் பற்றிக் கெர்னல் வெளியே அனுப்பும் யூஇவென்ட் செய்திகளை உடனுக்குடன் காட்டும் யூடெவ் கண்காணிப்புக் கருவி. அந்தச் செய்திகளைப் பெற்று, விதிகளின்படி செயல்படும் நிரல்தான் யூடெவ். மெய்நிகர்க் கணினி ஒன்றின் ஸ்கஸி வட்டை 100 ஜிபியிலிருந்து 200 ஜிபியாகப் பெருக்கிவிட்டு, வட்டை மீண்டும் ஆராயும்படி கெர்னலுக்குச் சொல்ல, அந்த வட்டுக்குரிய ரீஸ்கேன் கோப்பில் 1 என்று எழுதினேன். முதல் திரையில் கொள்ளளவு மாறியதாக உடனே ஒரு வரி விழுந்தது. வட்டின் அளவைச் சொல்லும் கோப்பில் 209715200 செக்டர் (512 பைட் துண்டுகள்) இருந்த இடத்தில் 419430400 இருந்தது. இரண்டாவது திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. கோப்பு முறைமையை விரிக்க வேண்டிய நிரல் அந்தச் செய்தி ஒன்றுக்காகத்தான் காத்திருந்தது.

அந்த மெய்நிகர்க் கணினியில் ஓடியது 4.19 கெர்னல். வட்டைச் செருகினால் செய்தி வரும், பிடுங்கினாலும் வரும். இருக்கிற வட்டு வளர்ந்தால் மட்டும் ஸ்கஸி டிரைவரும் என்விஎம்இ டிரைவரும் மௌனம். (ஸ்கஸி, என்விஎம்இ இரண்டும் வட்டோடு பேசும் முறைகள்; டிரைவர் என்பது ஒரு வகைச் சாதனத்தை இயக்கும் கெர்னல் பகுதி.) மெய்நிகர்க் கணினிகளின் வட்டுக்கான விர்டியோ டிரைவரோ அப்போதே "ரீசைஸ்=1" என்ற குறிப்போடு செய்தி அனுப்பிவந்தது. ஒரே வேலை, டிரைவருக்கு டிரைவர் வேறு நடத்தை. இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கெர்னலைத் தொடாமல் வெளியிலிருந்து சமாளிப்பது. சில வினாடிகளுக்கு ஒருமுறை அளவுக் கோப்பைப் படிக்கலாம், அல்லது யூடெவ் கட்டளையால் செயற்கையாக ஒரு மாற்றச் செய்தியைக் கிளப்பலாம். பழைய கெர்னலை மாற்ற முடியாத இடத்தில் இதுதான் கைகொடுக்கும். நானும் அன்று இதைத்தான் செய்தேன். ஆனால் கையால் கிளப்பும் செய்தியில் ரீசைஸ் குறிப்பு இருக்காது, அதை எதிர்பார்த்து எழுதிய விதிகள் அசையாது. திரும்பத் திரும்பக் கேட்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். குறுந்தட்டு இயக்கியில் தட்டு மாறியதா என்று 2.6.38 முதல் கெர்னலே கேட்டுப் பார்க்கிறது. யூடெவ் அதற்கு 2000 மில்லிவினாடி இடைவெளி வைக்கிறது. அங்கே பல சாதனங்கள் தாமாக எதுவும் சொல்வதில்லை, ஆகவே கேட்டாக வேண்டும். இங்கே கெர்னலுக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பிழை. பிழையைக் கெர்னலில்தான் திருத்த வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு டிரைவரிலும் செய்தி அனுப்பும் வரியைத் தனித்தனியே சேர்ப்பது. திருத்தம் சிறியது, பழைய கெர்னலுக்குக் கொண்டுபோவதும் எளிது. இதன் ஆபத்து நுணுக்கங்களில் இருக்கிறது. புதிய அளவைப் பதிந்த பிறகே செய்தி கிளம்ப வேண்டும். முந்தினால் யூடெவ் பழைய எண்ணைப் படித்துவிடும். யூஇவென்ட் அனுப்பும் சார்பு (ஃபங்ஷன்) உறங்கக்கூடியது, அதாவது இடையில் காத்து நிற்கக்கூடியது. என்பதால், சாதனத்தின் அவசர அழைப்புக்குப் பதில் சொல்லும் இன்டரப்ட் கையாளியிலிருந்தோ, உறங்கக் கூடாத பூட்டான ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டோ அதை அழைக்கக் கூடாது. விர்டியோ டிரைவர் இதைச் சரியாகச் செய்கிறது: இன்டரப்ட் வந்ததும் வேலையை ஒரு பணி வரிசையில் போட்டுவிட்டு, அளவைப் பிறகு மாற்றுகிறது. இந்தக் கவனத்தை எல்லா டிரைவர்களிலும் எல்லாரும் காப்பார்கள் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

மூன்றாவது, அளவைப் பதிவதையும் செய்தி அனுப்புவதையும் ஒரே பொதுச் சார்பில் சேர்ப்பது. லினக்ஸ் போனது இந்த வழியில்தான். 2020 மே மாதம் வந்த 5.7 கெர்னலில் இதன் முதல் வடிவம் நுழைந்தது. ஸ்கஸிக்கும் என்விஎம்இக்கும் ரீசைஸ் செய்தி புதிதாகக் கிடைத்தது அப்போதுதான். 2021 பிப்ரவரியில் வந்த 5.11இல் அது "செட் கெப்பாசிட்டி அண்ட் நோட்டிஃபை" என்ற பெயரில் செம்மையானது.

அந்தச் சார்பு சில வரிகள்தான். நிதானமாகப் படித்துப் பாருங்கள், ஒவ்வொரு வரியும் ஒரு காரணத்தோடு நிற்கிறது. அளவு மாறவில்லையென்றால் செய்தி இல்லை. மறைக்கப்பட்ட வட்டுக்கு இல்லை. ஒரே வட்டைப் பல வழிகளில் எட்டும் என்விஎம்இ பல்பாதை அமைப்பில் ஒவ்வொரு பாதைக்கும் இருக்கும் உள்வட்டுகள் இந்த வகை. பூஜ்யத்திலிருந்து வளர்ந்தாலோ பூஜ்யத்துக்குச் சுருங்கினாலோ இல்லை; முன்பும் அப்படி அனுப்பியதில்லை என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, செய்தி போனதா இல்லையா என்று அது திருப்பிச் சொல்வதுதான். ஒரு கோப்பையே வட்டாகக் காட்டும் லூப் சாதனத்தில் ஒரு கோப்பை இணைக்கும்போது அளவு பூஜ்யத்திலிருந்து ஏறுகிறது, பொதுச் சார்பு பேசாது. "இல்லை" என்ற பதில் வந்ததும் லூப் டிரைவர் தானே ஒரு சாதாரண மாற்றச் செய்தியை அனுப்புகிறது. இரட்டைச் செய்தியும் இல்லை, விடுபட்ட செய்தியும் இல்லை. வலையமைப்பு வழியே வட்டைத் தரும் என்பிடி டிரைவரும் இதே வழியைப் பின்பற்றுகிறது.

மூன்றாவது வழியே சிறந்தது என்பேன், ஒரே விலக்கோடு. டிவைஸ் மேப்பர் என்பது மற்ற வட்டுகளின் பகுதிகளை ஓர் அட்டவணைப்படி சேர்த்துப் புதிய வட்டாகக் காட்டும் கெர்னல் பகுதி. அதில் புதிய அட்டவணை ஏற்றப்பட்டு, சாதனம் மீண்டும் இயங்கத் தொடங்கும்போதுதான் புதிய அளவுக்கு அர்த்தம் உண்டு. அந்தத் தருணம் அதற்கு மட்டுமே தெரியும். ஆகவே அது அளவை மௌனமாகப் பதிந்துவிட்டு, இயக்கம் தொடரும்போது தன் செய்தியைத் தானே அனுப்புகிறது. அதைப் பொதுச் சார்புக்கு இழுப்பது கெடுதலாகவே முடியும்.

பொதுச் சார்பு இருப்பதாலேயே பிரச்சினை ஒழிந்துவிடாது. புதிய டிரைவர் எழுதுபவர், செய்தி அனுப்பாமல் அளவைப் பதியும் பழைய "செட் கெப்பாசிட்டி"யை மட்டும் அழைத்தால் அதே மௌனம் திரும்பும். உங்கள் டிரைவரில் அந்தப் பெயரைத் தேடுங்கள். சாதனத்தை முதன்முதலாகப் பதிவு செய்யும் இடத்தில் இருந்தால் சரி. ஓடிக்கொண்டிருக்கும் வட்டின் அளவை மாற்றும் இடத்தில் இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.