கயானா பிட்ச்சா, பார்படாஸ் பிட்ச்சா? என் ஓட்டு கயானாவுக்கு

சிபிஎல் (வெஸ்ட் இண்டீஸ்ல நடக்குற கரீபியன் பிரீமியர் லீக் டி20) சீசன்ல எல்லா மேட்சுக்கும் விடிகாலைல எந்திரிக்க முடியாதுங்க, எந்த கிரவுண்டுக்காக தூக்கத்த விடலாம்னு யோசிச்சு நான் கயானா ப்ராவிடன்ஸ எடுத்துக்கிட்டேன், பார்படாஸ் கென்சிங்டன் ஓவல் மேட்ச்லாம் ஹைலைட்ஸ் போதும்னு விட்டாச்சு.

பார்படாஸ் பத்தி பெருசா சொல்ல வேணாம். பவுன்ஸ் இருக்கும், பந்து பேட்டுக்கு வரும், காத்து அடிக்கிற பக்கம் தூக்கி விட்டா சிக்ஸ். 2024 டி20 உலகக்கோப்பைல இங்கிலாந்துக்கு எதிரா ஆஸ்திரேலியா 201 அடிச்சது அங்கதான்.

எனக்கு முடிவ சொன்னது ஒரே விஷயம், பிட்ச் ஆன பந்து எவ்ளோ எழும்புதுங்கறது. கயானாவுல நின்னு வரும், பல பந்து முட்டிக்கு மேலயே வராது, அப்போ கட், புல் ரெண்டும் ரிஸ்க் ஆயிடுது, பேட்ஸ்மேன் ஸ்வீப்புக்கோ நேரா அடிக்கவோ போயாகணும், அங்கதான் ஆட்டமே சூடு பிடிக்குது. அதே உலகக்கோப்பைல கயானாவுல நடந்த இந்தியா-இங்கிலாந்து செமிஃபைனல எடுத்துக்கங்க, ஜூன் 27, இங்கிலாந்து கேப்டன் பட்லர் டாஸ் ஜெயிச்சு பவுலிங் எடுத்தாரு, ஸ்பின் போடுற மொயின் அலிக்கு ஒரு ஓவர் கூட குடுக்கல, இந்தியா 171. அப்புறம் நம்ம ஸ்பின்னர் அக்சர் தன்னோட மொத மூணு ஓவர்லயும் மொத பந்துலயே விக்கெட் எடுத்தாரு! அக்சர் 23 ரன்னுக்கு 3 விக்கெட், இன்னொரு ஸ்பின்னர் குல்தீப் 19க்கு 3, இங்கிலாந்து 103 ஆல் அவுட்.

ரெண்டே நாள் கழிச்சு பார்படாஸ்ல தென்னாப்பிரிக்காவோட ஃபைனல். அதே ரெண்டு பேரு, அதே நாலு நாலு ஓவர். அக்சர் 49க்கு 1, குல்தீப் 45க்கு விக்கெட்டே இல்ல. தென்னாப்பிரிக்காவோட கிளாசன் அடிச்ச அடியில அக்சரோட ஒரே ஓவர்ல 24 ரன் போச்சு. பிட்ச் மாறினா பவுலர் எப்படி மாறிடறான்னு இத விட தெளிவா நான் பாத்ததில்ல.

ஆனா டிவில பாத்தத வச்சுதான் சொல்றேன், ஒரேடியா ஸ்பின்னுக்கு ஒன்னு வேகத்துக்கு ஒன்னுன்னு பிரிச்சிட முடியாது. அதே ஃபைனல்ல தென்னாப்பிரிக்கா ஸ்பின்னர் மகாராஜ் ஆட்டத்தோட ரெண்டாவது ஓவர்லயே ரோகித்தயும் பண்ட்டயும் தூக்கினாரு. அதே உலகக்கோப்பைல கயானாவுல ஆப்கானிஸ்தான்கிட்ட நியூசிலாந்து 75க்கு சுருண்டப்போ ஸ்பின்னர் ரஷீத் கான் நாலு விக்கெட் எடுத்தாரு, வேகமா போடுற ஃபரூக்கியும் நாலு.

வேகப்பந்துதான் உயிர்னு இருக்கறவங்க பார்படாஸ் பக்கமே போங்க, ஃபைனல்ல பும்ரா நாலு ஓவருக்கு 18 மட்டும் குடுத்து ரெண்டு விக்கெட் எடுத்தத பாத்தா அவங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்கு.