தாய்லாந்தில் யானை: ஏறுவதா, குளிப்பாட்டுவதா, தள்ளி நின்று பார்ப்பதா?

தாய்லாந்துக்கு டிக்கெட் போட்டதும் வீட்டில் வரும் முதல் கேள்வி, "யானை பார்க்க எங்கே போகலாம்?" என்பதுதான். கோயில் யானை தும்பிக்கையைத் தலையில் வைக்க, கண்ணை மூடி நின்று வளர்ந்தவர்கள் நாம். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. வடக்கே சியாங் மாய் நகரில் இறங்கினால் மூன்று விதமான முகாம்கள் இருக்கின்றன. ஏறிப் போகலாம், குளிப்பாட்டலாம், சும்மா பார்க்கலாம்.

ஏறுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். இருக்கையும் இரண்டு ஆட்களுமாக நாள் முழுக்கச் சுமப்பது ஒரு பாடு. அதைவிடப் பெரிய கொடுமை அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். முன்பின் தெரியாதவரை யானை முதுகில் ஏற்றிக்கொள்ள வேண்டுமென்றால், குட்டியாக இருக்கும்போதே தாயிடமிருந்து பிரித்து, திரும்பக்கூட இடமில்லாத மரக்கூண்டில் கட்டி, அங்குசத்தால் குத்திப் பணிய வைக்கிறார்கள். அங்கே இதற்கு ஃபஜான் என்று பெயர்.

நம்மை ஏமாற்றுவது குளிப்பாட்டும் முகாம்தான். 'சவாரி கிடையாது' என்று வாசலில் பெரிய பலகை, பெயரிலேயே சரணாலயம். நானும் அதை நம்பித்தான் போனேன். யானை ஆற்றில் படுத்தது, பத்துப் பேர் பிரஷ் வைத்துத் தேய்த்தோம். கரையேறியதுமே அது செம்மண்ணை அள்ளி முதுகில் தூவிக்கொண்டது. வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் அதன் தோலைக் காப்பது அந்த மண்தான். மண் காய்வதற்குள் அடுத்த குழு வந்துவிட்டது, பாகன் மறுபடியும் தண்ணீரில் இறக்கினார். அவர் கை யானையின் காதை விட்டு நகரவே இல்லை. விரல் இடுக்கில் ஓர் ஆணி தெரிந்தது. அப்புறம் என்னால் போட்டோவுக்கு நிற்க முடியவில்லை.

யானைக்குக் குளியல் பிடிக்கும்தானே என்பார்கள். பிடிக்கும், அதுவாக இறங்கும்போது. பத்து அந்நியர்கள் தொட்டும் அசையாமல் படுத்திருக்கிற யானை, சவாரி யானை பட்ட அதே அடியைப் பட்டு வந்ததுதான். அடக்கி வைத்தாலும் அது காட்டு விலங்குதான். 2025 ஜனவரியில் யாவோ யாய் தீவில், யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருவர் அது தாக்கியதில் இறந்துபோனார்.

மூன்றாவது வகைக்கு உதாரணம் சியாங் மாய் பக்கத்தில் மே தேங் பள்ளத்தாக்கில் லெக் சைலர்ட் நடத்தும் எலிஃபன்ட் நேச்சர் பார்க், தெற்கே 2016-இல் தொடங்கிய ஃபுக்கெட் எலிஃபன்ட் சாங்ச்சுவரி. மரம் இழுத்தும் சவாரி சுமந்தும் ஓய்ந்துபோன கிழட்டு யானைகள்தான் இங்கே அதிகம். இப்படி ஓரிடத்தில் ஒரு மணி நேரம் ஒரே யானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழைத்தண்டைக் காலால் மிதித்துப் பிளந்தது, நாரை உரித்து ஒதுக்கியது, உள்தண்டை மட்டும் நிதானமாகத் தின்றது. யாரும் அதை எங்கேயும் கூப்பிடவில்லை. பக்கத்தில் நின்ற குழந்தைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

சரி, எல்லோரும் சவாரியை நிறுத்திவிட்டால் அந்த யானைகளுக்கு யார் தீனி போடுவது? நியாயமான கேள்வி. 1989-இல் அரசு காட்டில் மரம் வெட்டத் தடை போட்டதும், மரம் இழுத்த யானைகளுக்கு வேலை போனது. அவற்றில் பல சுற்றுலாவுக்கு வந்தன, சில பாங்காக் தெருக்களில் பிச்சைக்கு நடந்தன. 2020-இல் கொரோனாவால் முகாம்கள் மூடியபோது, பாகன்கள் யானைகளை நடத்தியே ஊருக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல் தின்னும் விலங்கு அது. பாகனுக்கும் குடும்பம் இருக்கிறது. அதனால்தான் போகவே கூடாது என்று நான் சொல்வதில்லை. நம் பணம், யானையைத் தொடவிடாத முகாமுக்குப் போகட்டும், மற்ற முகாம்காரர்களும் அந்தப் பக்கம் திரும்புவார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: விளம்பரத்தில் குட்டி யானையை முன்னால் நிறுத்தும் இடத்துக்குப் போகாதீர்கள். வருமானத்துக்காகப் பிறக்க வைத்த குட்டிக்கு அறுபது வருடமும் சங்கிலிதான்.

நேரம் இருந்தால் முகாமே வேண்டாம். பாங்காக்கிலிருந்து தெற்கே சில மணி நேரத்தில் குய் புரி தேசியப் பூங்கா. அன்னாசித் தோட்டத்துக்குள் புகுந்த யானைகளோடு ஒரு காலத்தில் மல்லுக்கட்டிய ஊர் அது. இப்போது அந்த ஊர்க்காரர்களே வழிகாட்டிகளாகப் பிற்பகலில் பிக்கப் வண்டியில் கூட்டிப் போகிறார்கள். தூரத்தில் புல்வெளியில் யானைக் கூட்டம் இறங்கும், காட்டெருதும் வரும். யானை வராத நாளும் உண்டு. அன்றைக்கு அதற்கு வர மனமில்லை, அவ்வளவுதான்.