ஜாம் ஆன காலிப்பர்: சீல் கிட்டா, புது அசெம்ப்ளியா, புதுப்பேட்டையா?

பத்து நாள் நின்றிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு திருவான்மியூரிலிருந்து கிண்டி போய்ச் சேர்வதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது. இறங்கி இடது முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கிறது. வலது சக்கரம் வெதுவெதுப்போடு சரி. மெக்கானிக் பார்த்ததுமே, "காலிப்பர் ஜாம் சார், அசெம்ப்ளியா மாத்திடலாம்" என்றார். காலிப்பர் என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பேட்களால் கவ்வி நிறுத்தும் பாகம்; பேட்டைத் தள்ளுவது அதற்குள் இருக்கும் பிஸ்டன். அசெம்ப்ளி என்றால் அதை முழுதாகவே புதிதாக வாங்கிப் போடுவது. வண்டிக்கு வயது பன்னிரண்டு, வீடு கடற்கரைப் பக்கம். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் கழற்றிப் பார்க்காமல் அசெம்ப்ளி வாங்க மனம் வரவில்லை.

எந்த வழி என்று முடிவு செய்யும் முன் ஒரு சோதனை உண்டு. ஜாக்கி போட்டு, அடியில் ஸ்டாண்ட் வைத்து, சக்கரம் இறுகி இருக்கும்போதே காலிப்பரிலிருந்து ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகான ப்ளீட் நிப்பிளை லேசாகத் திறக்க வேண்டும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் தப்பு காலிப்பரில் இல்லை. ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், அல்லது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தைத் திருப்பி வாங்கவில்லை. திறந்த பிறகும் சக்கரம் அசையவில்லை என்றால்தான் காலிப்பர். அதிலும் பலமுறை பிடித்திருப்பது பிஸ்டன் இல்லை, காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின். உள் பேட் தேய்ந்து தகடாகி, வெளிப் பேட் தடிமனாகவே இருந்தால் முதலில் பின்னைச் சந்தேகப்படுங்கள். கழற்றித் துடைத்து சிலிகான் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. என் வண்டியில் பின் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிஸ்டன்தான் நகரவில்லை.

இனி ஒப்பீடு. சீல் கிட் என்பது இரண்டு ரப்பர்தான்: ஒரு சீல், தூசி புகாமல் மூடும் ஒரு டஸ்ட் பூட். விலை சில நூறு ரூபாய். அசெம்ப்ளிக்கு ஆயிரங்களில் கொடுக்க வேண்டும். இவ்வளவு மலிவான ரப்பரை நம்பி பிரேக்கை விடலாமா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. சீல் என்ன செய்கிறது என்று புரிந்த பிறகு அது போய்விட்டது. அது காலிப்பரின் உட்சுவரில் வெட்டிய காடியில் உட்கார்ந்து பிஸ்டனைக் கவ்விக்கொண்டிருக்கிறது. பெடலை மிதித்தால் பிஸ்டனோடு சேர்ந்து கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். விட்டால் பழைய நிலைக்கு வரும்போது பிஸ்டனையும் மயிரிழை பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பேட் டிஸ்க்கை விட்டு விலகுவது இதனால்தான். ரப்பர் கெட்டியாகிவிட்டாலோ, காடிக்குள் துரு ஏறிவிட்டாலோ இந்த இழுப்பு போய்விடுகிறது.

இதிலிருந்தே அடுத்த விஷயமும் வருகிறது. சீல் உரசுவது பிஸ்டன் மேல், சுவர் மேல் இல்லை. சுவரில் கொஞ்சம் கறை இருந்தால் பாதகமில்லை. பிஸ்டன் கண்ணாடி போல இருக்க வேண்டும், காடி சுத்தமாக இருக்க வேண்டும். கிட்டா அசெம்ப்ளியா என்பதைப் பணத்தை வைத்து அல்ல, பிஸ்டனை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிஸ்டனை வெளியே எடுக்க, ஹோஸைக் கழற்றும் முன்பே பெடலை மெதுவாக மிதிப்பது எளிய வழி. எதிரே ஒரு மரத்துண்டு வையுங்கள், விரலை உள்ளே விடாதீர்கள். என்னுடையது 'டப்'பென்று மரத்தில் வந்து மோதியது. டஸ்ட் பூட் மறைத்திருந்த விளிம்பில் மோதிரம் போலப் பழுப்பாக ஒரு துரு வளையம். துடைத்துவிட்டு அதன் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தேன். எங்கும் தட்டவில்லை. வெறும் கறை, மெட்டல் பாலிஷில் போய்விட்டது. நகம் மாட்டினால் குரோம் உரிந்து குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதை எமரி பேப்பரால் தேய்த்துச் சமாளிக்கவே கூடாது; துரு திரும்ப வரும், சீலை அறுக்கும். அந்த நிலையில் பிஸ்டனோடு வரும் கிட் அல்லது அசெம்ப்ளிதான்.

வீட்டில் செய்வதில் எனக்குப் பிடித்தது செலவு மிச்சத்தைவிட, எதில் கழுவுகிறோம் என்பது நம் கையில் இருப்பது. பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் கழுவுவது நம் ஊரில் கைப்பழக்கம். பிரேக் ரப்பருக்கு அது ஆகாது, ஊதிப்போய்விடும். பிரேக் கிளீனர் போதும். சீல் மாட்டும்போது புது பிரேக் ஆயிலையே தடவிக்கொள்ளலாம். காடியைச் சுரண்ட ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், மூங்கில் குச்சி போதும். ஹோஸ் இணைப்பில் இருக்கும் பழைய செம்பு வாஷரைத் திரும்பப் போடாதீர்கள்.

புது அசெம்ப்ளியின் பலம், இந்த யோசனை எதுவும் தேவையில்லை என்பது. நிப்பிள் முதல் பூட் வரை எல்லாம் புதிது. நேரம் இல்லாதவர்களும் பிஸ்டனில் நகம் மாட்டியவர்களும் தயங்காமல் வாங்கலாம். பெயர் தெரியாத டப்பாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கார் கம்பெனிகளுக்கே பிரேக் செய்து கொடுப்பவர்கள் தங்கள் பெயரிலும் உதிரிபாகங்கள் விற்கிறார்கள். 1962-ல் தொடங்கிய, சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா அப்படி ஒன்று. ஆனால் அசெம்ப்ளி போட்டால் வேலை பாதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஹோஸைக் கழற்றுவதும், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுப்பதும் இரண்டிலும் ஒன்றே.

பழைய வண்டிகளின் உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் நானே வாங்கியிருக்கிறேன். காலிப்பர் வாங்க மாட்டேன். கிடைப்பது இன்னொருவருடைய வயதான சீல். எப்படியும் அதற்கும் கிட் போட்டாக வேண்டும். நிப்பிள் உள்ளேயே முறிந்துவிட்டது, புதிதும் வருவதில்லை என்றால் மட்டும் வெளிக்கூட்டுக்காக ஒன்றை வாங்கி, கிட் போட்டுக்கொள்ளலாம்.

ஹேண்ட்பிரேக் சேர்ந்தே இருக்கும் பின்பக்கக் காலிப்பரை வீட்டில் பிரிக்க வேண்டாம். அதன் உள்ளே திருகு அமைப்பு இருக்கிறது. அதை அசெம்ப்ளியாக மாற்றுவதே மேல்.

பிரேக் ஆயிலை, வண்டியின் ஆயில் தொட்டி மூடியில் போட்டிருக்கும் தரத்தை (டாட் 3, டாட் 4) பார்த்து வாங்குங்கள். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 குறைந்தது 230 வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140, 155 என்று இறங்கிவிடுகிறது. ஏற்கெனவே திறந்து வைத்த பாட்டில் வேண்டாம். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. உள்ளே துருவுக்கும் அதுவே காரணம்.

ஏர் எடுக்க அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். "மிதிங்கப்பா... அப்படியே பிடிங்க... இப்போ விடுங்க" என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை அழுத்த வேண்டாம். வழக்கமாகத் தொடாத இடத்துக்கு மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்ச் சிராய்த்துக்கொள்ளும். ஏபிஎஸ் வண்டியில் ஆயில் தொட்டி காலியாகவே கூடாது. பம்புக்குள் காற்று புகுந்தால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கிவிட்டு, நகர்வதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துப் பார்த்தேன்.

முதல் தடவை என்பதால் ஒரு ஞாயிறு முழுக்கப் போய்விட்டது. மறுநாள் மாமல்லபுரம் வரை ஓட்டிப்போய் இறங்கிக் கையை வைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே சூடு. வலது பக்கத்துக்கும் கிட் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு அதைத் திறக்கிறேன். அந்தப் பிஸ்டனில் நகம் மாட்டினால் மெக்கானிக் சொன்ன அசெம்ப்ளிதான்.