செலக்ட் பெட்டியோடு பத்து ஆண்டுகள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர், "செலக்ட் பெட்டியின் பட்டியலையும் இப்போது சிஎஸ்எஸ்ஸால் மாற்ற முடிகிறதாமே, நம் படிவங்களை எல்லாம் மாற்றிவிடலாமா?" என்று கேட்டார். இணையப் படிவத்தில் தொட்டதும் பட்டியலாக விரிந்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பெட்டிதான் செலக்ட்; இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி சிஎஸ்எஸ். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பத்து ஆண்டுகளாக இந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியவனிடம் கேட்டால் பதில் நீளத்தான் செய்யும்.

மூடியிருக்கும் பெட்டியால் எனக்குப் பெரிய தொல்லை இருந்ததில்லை. அப்பியரன்ஸ் (தோற்றம்) என்னும் சிஎஸ்எஸ் பண்புக்கு 'நன்' (எதுவுமில்லை) என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டால் அதன் கரை, பின்னணி, அம்புக்குறி எல்லாம் நம் கைக்கு வந்துவிடும். தொட்டதும் விரியும் பட்டியல்தான் பத்து ஆண்டுகளாக என் பொறுமையைத் தின்றது. மேக்கிலும் ஐபோனிலும் அதை வரைவது இயங்குதளம். ஆதலால் வடிவமைப்பாளர் வட்ட மூலையும் மெல்லிய நிழலும் வைத்து வரைந்து தந்த பட்டியல், ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு முகத்தோடு வந்து நின்றது. உலாவிகளை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. 2011இல் அதிகாரபூர்வப் பரிந்துரையாக வெளிவந்த சிஎஸ்எஸ் 2.1 தரநிலை, படிவக் கூறுகளுக்கு எந்தெந்தப் பண்புகள் பொருந்தும் என்பதை வரையறுக்கவே இல்லை. உலாவிகள் விரும்பினால் செய்யலாம், எழுதுபவர்கள் அதைச் சோதனை முயற்சியாகவே கருதவேண்டும் என்று சொல்லி நகர்ந்துவிட்டது. விதியே இல்லாத ஆட்டத்தில் தவறு யாருடையது?

வாடிக்கையாளர் ஒருவரின் வற்புறுத்தலால் ஒருமுறை செலக்ட்டைத் தூக்கிவிட்டு, டிவ் என்னும் வெற்றுக் கட்டங்களும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் கொண்டு போலிப் பட்டியல் ஒன்றைக் கட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான், அசல் பெட்டி வாய் திறக்காமல் செய்துவந்த வேலைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன: ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் வரிக்குத் தாவுவது, எஸ்கேப் விசைக்கு மூடிக்கொள்வது, திரையின் அடிப்பகுதியில் இருந்தால் மேல்நோக்கித் திறப்பது, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பு மென்பொருளுக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது. ஏறத்தாழ நானூறு வரி எழுதியும் இவற்றில் பாதியைத்தான் மீட்க முடிந்தது.

அதே படிவத்தில் நேர்ந்த இன்னொன்றுக்கு உலாவி பொறுப்பில்லை, நானே பொறுப்பு. பெட்டியின் உயரத்தைப் பிக்சல் கணக்கில் பூட்டி வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் சரியாக இருந்தது; மாவட்டப் பெயர்களைத் தமிழில் ஏற்றியதும் 'பு'வின் கீழ்க்கோடு வெட்டுப்பட்டு, புதுக்கோட்டை 'பதுக்கோட்டை' ஆகிவிட்டது. சோதித்த மூவரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து உயரத்தைப் பூட்டுவதில்லை, மேலும் கீழும் இடம் மட்டும் விடுகிறேன்.

இத்தனை சலிப்புக்கு நடுவே எதிர்பாராமல் கிடைத்த மகிழ்ச்சி ஆக்சென்ட்-கலர். குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் 2021இலும், சஃபாரியில் 2022இலும் வந்த இந்த ஒற்றைப் பண்பு, செக்பாக்ஸ், ரேடியோ பொத்தான், ரேஞ்ச் நழுவி, முன்னேற்றப் பட்டை ஆகிய நான்குக்கும் நிறம் ஏற்றிவிடுகிறது. அடர்ந்த நிறம் கொடுத்தால் டிக் குறியை உலாவியே வெள்ளையாக்கிக்கொள்கிறது. கேட்டது சிறிது, கொடுத்தது முழுசு. செலக்ட் பட்டியலை மட்டும் அது தொடவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் குரோம் 135இல் வந்த 'பேஸ்-செலக்ட்' என்னும் அப்பியரன்ஸ் மதிப்பு உண்மையிலேயே நல்ல வேலை. பெட்டிக்கும் அதன் 'பிக்கர்' எனப்படும் பட்டியலுக்கும் இதே மதிப்பைக் கொடுத்தால், வரிகளுக்கு இடைவெளி, நிழல், படம், தேர்ந்த வரிக்கான டிக் குறி எல்லாவற்றையும் நாமே அமைக்கலாம். விசைப்பலகையும் திரைவாசிப்பும் பழையபடியே இயங்குகின்றன. என் நானூறு வரியும் சுமார் முப்பது வரியாகச் சுருங்கியது. அன்று இரவு யாரிடமாவது சொல்லியே தீரவேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலையில் பழைய உலாவி ஒன்றில் திறந்தேன். பெட்டிக்கு நான் கொடுத்த கரையே இல்லை. சோம்பலில் செலக்ட்டையும் பிக்கரையும் காற்புள்ளியிட்டு ஒரே விதியில் சேர்த்து, கரையையும் அதற்குள்ளேயே எழுதியிருந்தேன். பிக்கர் என்ற பெயரை அறியாத உலாவி, அந்தப் பெயரை மட்டும் விட்டுவிடாமல் விதி முழுவதையும் குப்பையில் போட்டுவிடும். இது சிஎஸ்எஸ்ஸின் பழைய ஒழுங்குதான். தெரிந்தே மறந்தது என் பிழை. பொதுவான அலங்காரத்தைத் தனி விதியிலும் பேஸ்-செலக்ட்டைத் தனி விதியிலும் எழுதினால், பழைய உலாவிகளில் சாதாரணப் பெட்டியாவது ஒழுங்காகக் கிடைக்கும்.

கைபேசியில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆண்ட்ராய்டில் விரல் பட்டதும் திறக்கும் அந்த அகன்ற, பழகிய பட்டியல் மறைந்து, பக்கத்துக்குள்ளேயே சிறிய பட்டியல் ஒன்று விரிந்தது. முப்பத்தெட்டு மாவட்டங்களை அதற்குள் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள், தெரியும். சுட்டி உள்ள கருவிகளுக்கு மட்டும் பொருந்துமாறு மீடியா வினவலுக்குள் (கருவியின் தன்மையைப் பார்க்கும் சிஎஸ்எஸ் நிபந்தனைக்குள்) வைத்துவிட்டால் சிக்கல் தீரும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நானும் அப்படித்தான் வைத்தேன், குறையொன்றும் இல்லை.

ஆனாலும் நண்பருக்கு நான் எழுதிய பதில், "மாற்றாதீர்கள்" என்பதுதான். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண் என்று அவர் உடனே சுட்டிக்காட்டினார். முரண்தான். அவருடைய படிவத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கைபேசிக்காரர்கள். மீதமுள்ள சிலருக்காக ஒரு நிழலைப் பராமரிக்க எனக்கு இப்போது மனமில்லை. ஆக்சென்ட்-கலர் ஒரு வரி, எழுத்துருவைத் தன்னைச் சூழ்ந்த பகுதியிடமிருந்து பெறச்செய்யும் ஒரு வரி, ஐபோன் சஃபாரி தானாகப் பெரிதாக்காமல் இருக்க எழுத்தளவைப் பதினாறு பிக்சலுக்குக் குறையாமல் வைக்கும் ஒரு வரி, இந்த மூன்றை மட்டும் அனுப்பி வைத்தேன்.