குதிகால் தசைநாணுக்கு எலாஸ்டோகிராபி: எடுத்துப் பார்த்த அனுபவம்

ஓடுகிறவர்களுக்குக் குதிகாலுக்கு மேலே, காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் விண்ணென்று பிடிக்கும் வலி வாரக்கணக்கில் போகாமல் இருந்தால், டாக்டரைக் கேட்டுவிட்டு எலாஸ்டோகிராபி எடுக்கலாம்; கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று அளக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இது. நான் போன சென்டரில் அவசரமே காட்டவில்லை. குப்புறப் படுக்கவைத்து, பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, ஜெல்லைத் தாராளமாகப் பூசி, தோல்மேல் வைக்கும் ஸ்கேன் கருவியான புரோபை அழுத்தாமல் லேசாக வைத்தார்கள்; அழுத்தினால் அளவே மாறிவிடும். பாதத்தை மேல்நோக்கி மடக்கினாலும் தசைநாண் இழுபட்டு விறைப்பு கூடிக் காட்டும் என்பதால் இரண்டு காலையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிட்டார்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

சாதாரண அல்ட்ராசவுண்ட் தடிப்பையும் கிழிசலையும் காட்டும். இது, உள்ளே கிளப்பும் அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்து விறைப்பைச் சொல்கிறது. நோய்ப்பட்ட தசைநாண் பெரும்பாலும் இளகியிருக்கும், அலையும் மெதுவாகப் போகும். விறைப்பை நிறங்களாகக் காட்டுவதால், என் வலது காலில் தசைநாணின் நடுப்பகுதி மட்டும் வேறு நிறத்தில் இருந்தது திரையிலேயே தெரிந்தது. ஆனால் இதை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது.

சரி, குறை என்ன? ரிப்போர்ட்டில் விறைப்பைச் சொல்லும் கிலோபாஸ்கல் எண்ணை மட்டும் போட்டுவிட்டு, கால் எந்த நிலையில் இருந்தது, எந்த மெஷின் என்று எழுதவே இல்லை. மெஷினுக்கு மெஷின் எண் மாறும், அடுத்த முறை ஒப்பிடவே முடியாது. கேட்டு எழுதி வாங்குங்கள்.