ரெபெக்கா பூனின் தாய் யார்? மூன்று தேடல் வழிகள்

கெண்டக்கியில் வெள்ளையர் குடியேற வழிவகுத்த முன்னோடி வேட்டைக்காரர் டேனியல் பூன் (Daniel Boone) என்பவரை அமெரிக்காவில் அறியாதவர் குறைவு. அவருடைய மனைவியாக 1756 முதல் 1813 வரை வாழ்ந்து, 10 பிள்ளைகளைப் பெற்று, காட்டோரக் குடியிருப்புகளில் காலம் தள்ளிய ரெபெக்கா பிரையனைப் பற்றித் தேடினாலோ முதல் படியிலேயே தடுக்கி விழுகிறோம். 1739-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர், தந்தை ஜோசப் பிரையன். இதுவரை சரி. ஆனால் தாய் யார்? ஹெஸ்டர் ஹாம்ப்டன் என்கிறார்கள் சிலர். ஆலிஸ் லின்வில் என்கிறார்கள் வேறு சிலர். ஹெஸ்டர் முதல் மனைவி, ஆலிஸ் இரண்டாம் மனைவி என்றும் ஒரு கருத்து உண்டு.

முதல் வழி, குடும்ப நினைவு. வரலாற்றுத் தகவல் சேகரிப்பாளர் லைமன் டிரேப்பர் 1851-இல் மிசௌரிக்குப் போய், பூனின் கடைசி மகன் நேதனிடமும் அவர் மனைவி ஆலிவிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதினார். அந்தக் குறிப்புகள் விஸ்கான்சினில் இருக்கின்றன. ரெபெக்காவை உயிருள்ள மனுஷியாகப் பார்க்க இதற்கு இணை எதுவும் இல்லை. ஆனால் நேதன் பிறந்தது 1781-இல். அம்மாவைப் பற்றி அவர் சொன்னதை நம்பலாம். அம்மாவைப் பெற்றவளைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது செவிவழிச் செய்திதான்.

இரண்டாவது, ஆவணங்கள். என் ஓட்டு இதற்குத்தான், குறைகள் இருந்தாலும். 1850-க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும், மனைவி வெறும் எண்ணிக்கைதான். ஆகவே உயிலையும் நிலப் பத்திரத்தையும் புரட்ட வேண்டும். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை வர்ஜீனியா சட்டப்படி மனைவிக்கு இருந்தது. அவன் நிலத்தை விற்கும்போது, அவளைத் தனியாக விசாரித்து, அந்த உரிமையை மனமுவந்து விடுகிறாளா என்று எழுதிவைப்பார்கள். பெண்ணின் பெயர் ஏட்டில் ஏறுகிற அபூர்வ இடம் அது. இளம் தேடலாளர்கள் இதைத் தாண்டிப் போவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. ஜோசப் பிரையன் கெண்டக்கியில் 1804-இல் எழுதிய உயிலும் ரெபெக்காவை மகள் என்கிறது. தந்தை உறுதி. எந்த மனைவிக்குப் பிறந்தவள் என்பதற்கு அதிலும் பதில் இல்லை.

மூன்றாவது, மரபணு. இத்தனை தலைமுறைக்குப் பின் சாதாரணப் பரிசோதனை நம்பத்தகுந்த விடை தராது. தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தாலும், மகள்கள் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குத் தொடரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வேறு கதை. ரெபெக்காவின் மகள் வழியாகவே இறங்கிவந்த ஒருவரையும், ஆலிஸின் மகள் என்று ஐயமில்லாமல் தெரிந்த ஒருத்தியின் அதே போன்ற வழியில் வந்த ஒருவரையும் ஒப்பிடலாம். பொருந்தாவிட்டால் தாய்மார் வேறு வேறு. பொருந்தினால் ஒரே தாயாக இருக்கலாம், அவ்வளவே. அந்த டிஎன்ஏ வகை பலரிடமும் பரவலாகக் காணப்படுவதாக இருந்தால் அதற்கும் மதிப்பு குறைவு. அப்புறம், ஆலிஸ் இல்லை என்று தெரிந்தாலும் ஹெஸ்டர் என்ற பெயரை எந்த ஆய்வுக்கூடமும் எழுதித் தராது. பெயர் ஏட்டிலிருந்துதான் வரவேண்டும்.

இணையத்தில் தயாராகக் கிடைக்கும் வம்ச மரங்களை இந்த வரிசையில் நான் சேர்க்கவே இல்லை. ஒருவர் எழுதியதை நூறு பேர் நகலெடுத்தாலும் அது ஒரு சாட்சிதான்.

நான் தொடங்குவதானால் பத்திரங்களில் தொடங்குவேன். அவற்றைக் கொண்டு 1776-இல் கெண்டக்கியின் பூன்ஸ்பரோ குடியிருப்பருகே கடத்தப்பட்டு மீட்கப்பட்ட ரெபெக்காவின் மகள் ஜெமிமாவின் பெண்வழியைப் படிப்படியாக இறக்கிக் கொண்டுவந்த பிறகே மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டுவேன்.