நடைக்கு ஒரு பழைய தேக்கு பெஞ்சு: குப்புறப் போட்டுப் பார்த்தால்

மதுரையில் பழைய சாமான்களைப் புதுப்பித்து விற்கும் கடை ஒன்றில் கிடைக்கும் பெஞ்சு இது. நீளம் 4 அடி, அகலம் 14 அங்குலம், உயரம் 17. மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளின் ஒடுங்கிய நடைக்கு, அதாவது வாசலிலிருந்து உள்ளே போகும் வழிக்கு, அளவெடுத்த மாதிரி இருக்கிறது. 1950, 60களின் பாணி: செதுக்கு வேலையே கிடையாது, கீழே போகப் போக மெலிந்து வெளியே சாய்ந்த கால்கள், உட்காரும் இடத்தில் 2 அங்குலச் சட்டம் ஆறு. சண்டிகர் நகரத்துக்காக சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் விலை போனதிலிருந்து இந்தப் பாணி எல்லாவற்றுக்கும் ஜான்னரே பெயரைச் சொல்கிறார்கள். அதற்காக ஒரு ரூபாய்கூட ஏற்றித் தர வேண்டியதில்லை.

மரம் நல்ல வைரம், அதாவது நடுத்தண்டின் கெட்டியான பாகம். ஒரு சட்டத்தின் அடியோரம் மட்டும் விரல் அகலத்துக்கு வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய மென்மரம், ஓடுகிறது. பூச்சி விழுந்தால் அங்கேதான் முதலில் விழும். அடியில் வெள்ளைத்தாள் விரித்து ஒரு வாரம் விட்டால், மாவு உதிர்கிறதா என்று தெரிந்துவிடும். முழுப் பலகையாக இருந்திருந்தால் சித்திரை வெயிலில் வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊதும். சட்டங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

குறை இணைப்பில் இருக்கிறது. மூன்று கால்களில் வஜ்ஜிரம் என்கிற பழைய மரப்பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை வைத்து, துளைக்குள் இறங்கும் முனையான கழுந்தை இறுக்கியிருக்கிறார்கள். சரியான வேலை, பழைய பசை மேல் புதுப்பசை பிடிக்காது. நாலாவது காலில் மட்டும் பக்கவாட்டில் ஆணி அடித்து, ஆணித் தலையை மக்கு (ஓட்டை அடைக்கும் பசை) வைத்து மறைத்திருக்கிறார்கள். சாய்ந்த காலை ஆள் உட்காரும்போதெல்லாம் பாரம் வெளியே தள்ளும். ஆணி அசைந்து அசைந்து துளை பெரிதாகி, கடைசியில் மர ரேகையின் போக்கிலேயே மரம் பிளக்கும். ஆணியைப் பிடுங்கி, கழுந்தைக் கழற்றி, தேக்குச் சீவல் ஒட்டிப் பருமனாக்கி மறுபடி இறக்க வேண்டும். ஆசாரிக்கு அரைநாள் வேலை.

மேலே அரக்கு ஸ்பிரிட் பாலிஷ். பிளாஸ்டிக் மாதிரி மினுங்காமல் ரேகை தெரிகிறது. கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் தொட்டுவிடலாம். ஆனால் சூடான டம்ளரோ ஈரக் குடையோ வைத்தால் வெள்ளை படரும். கால் நுனிகளில் பாலிஷே ஏறவில்லை. தரை துடைக்கும் தண்ணீரை நுனி உறிஞ்சிக் கறுத்துவிடும். உருக்கிய மெழுகைத் தடவி ரப்பர் குமிழ் அடித்துக்கொள்ளுங்கள்.

16,000 சொல்கிறார்கள். அந்த நாலாவது காலைச் சரிசெய்து கொடுத்தால் தரலாம். இல்லையென்றால் ஆசாரி கூலியைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.